விட்டு விட்டு மிஸ் பண்ணும் எஞ்சின்: ஸ்கானர் கோட் எதைக் காட்டுகிறது?

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் வந்து பம்பலப்பிட்டிச் சந்தியில் சிக்னலுக்கு நிற்கிறீர்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். பச்சை விழுந்து காலை அழுத்தினால் வண்டி ஒரு கணம் இழுக்காமல் நின்று, பிறகு எடுக்கிறது. டாஷ்போர்டில் மஞ்சள் செக் எஞ்சின் லைற். அடுத்த நாள் கராஜுக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. பாஸ் பொனட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்கிறார். இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டரை வாசிக்கும் ஸ்கானரைப் போட்டு, பி0302 என்ற கோட்டைக் கண்டவுடன், "கொயில் போய்ட்டுது, எல்லாத்தையும் மாத்துவம்" என்கிறார்.

இந்த இரண்டு பதில்களாலும் கொழும்பில் நிறையப் பேர் வீணாகக் காசு இழக்கிறார்கள். பி0302 என்ற கோட், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயில் பழுது என்று சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஏன் தவறுகிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை, ஒழுங்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் மிஸ்ஃபயர் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு சிலிண்டரில் சரியாக எரிய மூன்று காரியம் நடக்க வேண்டும். காற்றும் பெற்றோலும் சரியான அளவில் கலந்து உள்ளே வர வேண்டும், அந்தக் கலவை நன்றாக அழுத்தப்பட வேண்டும், சரியான நேரத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அந்தச் சுற்றில் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது, அதுதான் மிஸ்ஃபயர். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு செக்கனுக்கு 100 தடவை பொறி விழுகிறது. அதில் இடைக்கிடை ஒன்றிரண்டு தவறினால் உங்களுக்குத் தெரிவது ஒரு சின்ன நடுக்கம் மட்டுமே. 1000 சிசி விட்ஸ், வேகன் ஆர் போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஒன்று தவறினால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுவதால் உலுக்கல் கூடுதலாகத் தெரியும்.

சரி, வண்டியின் கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிலிண்டருக்குள் பார்க்க அதற்குக் கண் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் பொறி விழுந்ததா என்றுகூட அது நேராகப் பார்ப்பதில்லை. கிராங்க் சென்சர் என்று ஒன்று இருக்கிறது. எல்லாச் சிலிண்டரும் முறை வைத்துச் சுழற்றும் கிராங்க் தண்டின் வேகத்தை அது பல்லுப் பல்லாக எண்ணிக்கொண்டே இருக்கும். நாலு பேர் முறை வைத்துத் தள்ளுகிற ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் முறை வரும்போது கையை எடுத்துவிட்டால் வண்டி அந்த இடத்தில் கொஞ்சம் தொய்யும். தொய்ந்த நேரத்தைப் பார்த்தே யாருடைய முறை அது என்று சொல்லிவிடலாம். கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. இரண்டாவது சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் கிராங்க் தொய்ந்தால் பி0302 என்று எழுதி வைக்கும். தொய்வுக்குக் காரணம் பிளக்கா, கொயிலா, பெற்றோல் தூவும் இன்ஜெக்டரா, வால்வா என்பது அதற்குத் தெரியாது.

கோட்டை வாசிக்கும் விதம்

முதலில் வரும் பி என்ற எழுத்து, பழுது எஞ்சின் அல்லது கியர் பக்கம் என்று சொல்கிறது. அடுத்த 0, எல்லாக் கம்பனிக்கும் பொதுவான கோட் என்பதற்கு அடையாளம். அந்த இடத்தில் 1 இருந்தால் பெரும்பாலும் வண்டியைச் செய்த கம்பனியின் சொந்தக் கோட். மூன்றாவதாக வரும் 3, பற்றவைக்கும் பகுதியையும் மிஸ்ஃபயரையும் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கம்தான் விவரம். பி0301 என்றால் முதலாவது சிலிண்டர், பி0304 என்றால் நாலாவது. பி0300 வந்தால் ஒரே இடத்தில் இல்லை, பல சிலிண்டர்களில் மாறி மாறித் தவறுகிறது என்று பொருள்.

பி0351, பி0352 என்ற வரிசை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவை கொயிலின் மின்சுற்றில் கோளாறு என்று சொல்லும் கோட்கள். உதாரணமாக டொயோட்டா வண்டிகளில், "பொறி விடு" என்று கம்ப்யூட்டர் ஒரு சைகையை அனுப்பும், "விட்டாயிற்று" என்று கொயிலிலிருந்து ஒரு பதில் சைகை திரும்பி வரும். அந்தப் பதில் வராவிட்டால்தான் இந்தக் கோட் விழுகிறது. அதனால் பி0352 வந்தால் கொயிலை மாற்றுவதற்கு முன்னால் சொக்கெட், வயர், ஏர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். எல்லாக் கொயிலுக்கும் ஒரே நேரத்தில் கோட் வந்தால், எல்லாம் ஒன்றாகப் பழுதாகியிருக்கும் என்று நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போகும் கரண்ட் வயரையோ, பியூஸையோ, ஏர்த்தையோ தேடுங்கள்.

கொழும்பில் சொக்கெட், ஏர்த் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரைன் டிரைவ் ஓரத்தில், தெஹிவளைக் கடற்கரைப் பக்கத்தில் இரவும் பகலும் நிற்கிற வண்டிகளில் உப்புக் காற்று வேலை காட்டும். சொக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் பித்தளைப் பின்னில் பச்சைப் பூச்சு படிந்திருக்கும். அந்தப் பூச்சு வழியே கரண்ட் சில நேரம் போகும், சில நேரம் போகாது. எலி கடித்த வயரும் இப்படித்தான். விட்டு விட்டு வரும் பழுதுகளில் பாதி இந்த மாதிரி அரைகுறைத் தொடுப்பால் வருபவை என்பது என் எண்ணம்.

லைற் எரியும் விதத்தையும் கவனியுங்கள். நிலையாக எரிந்தால் கவனிக்க வேண்டிய பழுது, நிதானமாகக் கராஜ் போகலாம். லைற் விட்டு விட்டு மின்னினால் உடனே காலைத் தளர்த்துங்கள், முடிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும் அளவுக்குச் சூடு ஏறும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய பொருள் அது. ஒரு பிளக்கின் விலையில் முடிய வேண்டிய வேலையைக் கொன்வேர்ட்டரின் விலைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.

அழிக்கும் முன்னால் எழுதிக்கொள்ளுங்கள்

லைற் எரிந்தவுடன் பற்றரி வயரைக் கழற்றி மாட்டும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. லைற் அணையும், உண்மை. ஆனால் அதோடு சாட்சியும் அழிந்துவிடும். கோட் விழும்போது கம்ப்யூட்டர் அந்தக் கணத்து நிலவரத்தையும் சேர்த்துப் பதிந்து வைக்கிறது. ஸ்கானரில் இதற்கு ஃபிரீஸ் ஃபிரேம் என்று பெயர். எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, வண்டி என்ன வேகத்தில் போனது, தண்ணீரின் சூடு எவ்வளவு, எஞ்சினுக்கு எவ்வளவு சுமை என்பதெல்லாம் அதில் இருக்கும். விட்டு விட்டு வரும் பழுதுக்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது.

இன்னொன்று, லைற் எரியாமலே கோட் இருக்கலாம். சாதாரண மிஸ்ஃபயரை முதல் ஓட்டத்தில் கண்டால் கம்ப்யூட்டர் அதைப் பென்டிங் என்று குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் லைற்றை எரிக்கும். ஆகவே "லைற் இல்லையே" என்று விட்டுவிடாமல் பென்டிங் பக்கத்தையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

போனோடு இணைக்கும் சின்ன புளூடூத் ஸ்கானர் இந்த வேலைக்குப் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சொக்கெட்டில் குத்த வேண்டியதுதான். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் சிலவற்றில் சொக்கெட் இருந்தும் இந்த மலிவு ஸ்கானர்கள் பேசாது. அவற்றுக்குக் கராஜில் இருக்கும் பெரிய ஸ்கானர் வேண்டும். எது ஆனாலும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் சிங்களத்தில் கதைப்பவர், உங்களுக்கு அது சரளமாக வராது என்றாலும் பரவாயில்லை. அந்தப் படம் போதும், இலக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

படத்தோடு, எப்போது வருகிறது என்பதையும் நாலு வரி எழுதுங்கள். பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

ஏற்றத்திலும் சுமையிலும் மட்டும் வந்தால் முதலில் பொறிப் பக்கத்தைச் சந்தேகியுங்கள். கொயில் 12 வோல்ற்றைப் பல்லாயிரம் வோல்ற்றாக ஏற்றித்தான் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட வைக்கிறது. காலை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தாண்டுவதற்கு இன்னும் கூடிய வோல்ற் தேவை. தளர்ந்த கொயிலோ இடைவெளி தேய்ந்து அகன்ற பிளக்கோ கொழும்பின் சமதளத்தில் சமாளித்துவிடும். கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில், ஐந்து பேரும் சாமானும் ஏசியும் இருக்கும்போது காலை வாரிவிடும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் வந்தாலும் கொயில்தான் முதல் ஆள். உள்ளே மயிரளவு அறுந்திருக்கும் கம்பி குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். ஒரு மணி நேரம் ட்ரஃபிக்கில் ஊர்ந்துவிட்டு, வண்டியை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணும்போது உலுக்கினால் இதை நினையுங்கள். காற்று ஓடாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் பொனட்டுக்குள் சூடு உச்சத்துக்குப் போகிறது. கராஜ் போவதற்குள் ஆறிவிடுவதால்தான் அங்கே எதுவும் தெரிவதில்லை.

மழை நாளில் மட்டும் வந்தால் ஈரம் வழியே கரண்ட் கசிகிறது. பிளக் வயர் உள்ள பழைய கொரொல்லா, சன்னி போன்றவற்றில் இது அதிகம். புதிய வண்டிகளுக்கும் ஒரு வழி உண்டு. சேர்விஸுக்கு விட்ட இடத்தில் எஞ்சினை பிரஷர் வோஷ் பண்ணினால் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கி நிற்கும். அடுத்த நாள் மிஸ் பண்ணத் தொடங்கும். கழுவிய மறுநாள் தொடங்கிய மிஸ்ஃபயர் என்றால் வேறு எதையும் தேடுவதற்கு முன் கொயில்களைத் தூக்கிக் குழிகளைப் பாருங்கள்.

நின்ற இடத்தில் ஐட்லிங்கில் மட்டும் உலுக்கி, ஓடும்போது சரியாகிவிட்டால் காற்றுக் கசிவு, அழுக்கடைந்த இன்ஜெக்டர் போன்றவை முன்னுக்கு வரும். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

காசு செலவில்லாத, ஆனால் மிகவும் நம்பகமான சோதனை இது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள எந்த வண்டியிலும் செய்யலாம். உங்கள் விட்ஸில் பி0302 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி ஓஃப். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் ரெடி விளக்கு அணைந்திருப்பதை உறுதி செய்யுங்கள், ஏனென்றால் அந்த எஞ்சின் தானாக எழும்பக் கூடியது. டொயோட்டாவில் டைமிங் சங்கிலி இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. இரண்டாவது கொயிலின் சொக்கெட்டைப் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக், இழுத்தால் உடையும். 10 மில்லிமீற்றர் போல்ட்டைக் கழற்றி, கொயிலை மெல்லத் திருப்பி மேலே தூக்குங்கள். மூன்றாவதையும் அப்படியே எடுத்து இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். கோட்டை இப்போது அழிக்கலாம், படம்தான் உங்களிடம் இருக்கிறதே.

பிறகு பழுது வருகிற அதே மாதிரி நிலையில் வண்டியை ஓட்ட வேண்டும். சூட்டில் வருவதென்றால் சூடாக்கி, சுமையில் வருவதென்றால் சுமையோடு. மறுபடி கோட் வரும்போது அது பி0303 ஆக மாறியிருந்தால் பழுது கொயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. அந்த ஒரு கொயிலை மட்டும் மாற்றினால் போதும். இன்னும் பி0302 என்றே நின்றால் கொயிலில் குற்றம் இல்லை. அடுத்து பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கொயிலையும் பிளக்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி சரியானால் எது பழுது என்று யாருக்கும் தெரியாது.

ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையைத் தயவுசெய்து செய்யவும் வேண்டாம், செய்ய விடவும் வேண்டாம். வெளியேற வழியில்லாத அந்த வோல்ற் கொயிலின் காப்பைத் துளைத்துவிடும், ஆளையும் தாக்கும், எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குப் போகும்.

பிளக்கைக் கையில் எடுத்தவுடன் துடைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து வெள்ளைப் பீங்கானைச் சுற்றிப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, நகத்தால் சுரண்டினாலும் போகாமல் இருந்தால் அதுதான் கரண்ட் வெளியே ஓடிய பாதை. நுனிக்குப் போக வேண்டிய பொறி பீங்கானின் வெளிப்புறத்தால் இறங்கி உலோக உடலுக்குப் போயிருக்கிறது. இப்போது கொயிலின் ரப்பர் உறையை உள்பக்கம் டோர்ச் அடித்துப் பாருங்கள், அதற்கு நேரே அங்கேயும் ஒரு கோடு இருக்கும். பிளக்கை மட்டும் புதிதாகப் போட்டால் உறையில் இருக்கும் கோடு புதுப் பிளக்கிலும் கோடு போட்டுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல கொயில்களுக்கு உறை தனியாகக் கிடைக்கிறது, முழுக் கொயில் வாங்கத் தேவையில்லை. உறை எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்தால் மேலே வால்வு கவர் சீல் கசிகிறது, அதை நிறுத்தாமல் எதை மாற்றியும் பலனில்லை.

பிளக் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள், அவை எல்லாம் ஒரே தூரம் ஓடியவை. இரிடியம் பிளக் 100,000 கிலோமீற்றர் வரை தாங்கும், சாதாரணப் பிளக்குக்கு அதில் சிறு பங்குதான் ஆயுள். ஆனால் றீகண்டிஷன் வண்டியில் என்ன பிளக் இருக்கிறது என்று கழற்றிப் பார்க்கும்வரை சொல்ல முடியாது. பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பழைய பிளக்கின் நம்பரைக் கையில் கொண்டுபோங்கள். போலிகள் சந்தையில் உண்டு. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் விட்டுவிடுவது நல்லது. பாவித்த கொயில் வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. சூட்டில் மட்டும் தவறும் கொயில் கடை மேசையில் புதிது மாதிரியே வேலை செய்யும்.

ஒன்றும் நகராவிட்டால்

மூன்றையும் மாற்றிப் பார்த்தும் பி0302 அசையவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். மற்றவற்றோடு ஒப்பிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் வால்வு, ரிங், கெஸ்கட் பக்கம் வேலை. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். காலையில் எஞ்சின் முதன்முதல் எழும்பும்போது பலமாக உலுக்கிவிட்டுச் சிறிது நேரத்தில் சரியாகிவிட்டால், கொயில் வாங்க ஓடுவதற்கு முன் கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள். ஹெட் கெஸ்கட் கசிந்து இரவில் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்குவது அந்த எஞ்சினில் பலருக்கும் தெரிந்த குறை.

பி0300 என்றால் ஒரு கொயிலைத் தேடிப் பயனில்லை. எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: தண்ணீர் கலந்த பெற்றோல், தளர்ந்த பம்ப், உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு, நீண்டுபோன டைமிங் சங்கிலி. இங்கே ஸ்கானரில் ஃபியூல் ட்ரிம் என்ற வரி உதவும். கம்ப்யூட்டர் பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதற்கான சதவீதம் அது. கூடவோ குறையவோ 10க்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் பிளஸ் 20 காட்டி, 2500 சுற்றில் 5க்கு இறங்கினால் எங்கேயோ காற்றுக் கசிகிறது. மாறாக, சுமையில் ஏறிக்கொண்டே போனால் பெற்றோல் போதவில்லை.

ஒரு கண்ணி இருக்கிறது, அதில் கராஜ்காரர்களே விழுவதுண்டு. பி0302 உடன் பி0171, அதாவது பெற்றோல் போதாது என்ற கோட்டும் சேர்ந்து வரும். எரியாமல் போன சிலிண்டர் தன் ஒட்சிசனை அப்படியே வெளியே தள்ளுகிறது. ஒட்சிசன் சென்சர் அதைப் பார்த்துவிட்டுக் கலவையில் பெற்றோல் குறைவு என்று நினைக்கிறது. சென்சர் சரியாகத்தான் வேலை செய்கிறது, அதை மாற்ற வேண்டாம். மிஸ்ஃபயரைத் தீர்த்தால் பெரும்பாலும் மற்றதும் போய்விடும்.

திருத்திய பிறகு லைற் அணைந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள். பழுது வந்த அதே நிலையில் இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள், பிறகு பென்டிங் கோட் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்கானர்களில் மோட் 6 என்ற பக்கத்தில் சிலிண்டருக்குச் சிலிண்டர் எத்தனை தடவை தவறியது என்ற எண்ணிக்கை கிடைக்கும். எல்லாம் பூச்சியமாகவோ அதற்கு அருகிலோ இருந்தால் வேலை முடிந்தது. வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை வேறு இருக்கிறது. மிஸ் பண்ணும் எஞ்சின் எரியாத ஹைட்ரோகார்பனை வெளியே விடுவதால் அதில் விழுந்துவிடக் கூடும். அதனால் பரிசோதனைக்கு நாள் நெருங்கியிருந்தால் இந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு கொண்டுபோங்கள்.